குறை எதுவும் காணப்படவில்லை

கதவைத் திறந்தவள் முதலில் பார்த்தது அவன் கண்களைத்தான். வேறு எதையும் பார்க்க வழியில்லை. தலையிலிருந்து முழங்கால் வரை மழைக்கோட்டு, மூக்கு வரை இழுத்துக் கட்டிய கைக்குட்டை... நடுவில் இரண்டு கண்கள் மட்டும், இமையோரம் மழைத்துளி தொங்க, திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தன.

"நெட் வேலை செய்யலன்னு கம்ப்ளெய்ன்ட் குடுத்திருந்தீங்களா மேடம்?"

"குடுத்து ஆறு நாளாச்சு."

"உங்க ஏரியா டெக்னீஷியனுக்குக் காய்ச்சல். நான் இந்தப் பக்கமே வர்ற ஆள் இல்ல. இன்னைக்கு மட்டும் போயிட்டு வான்னாங்க."

"இன்னைக்கு மட்டும்தானே... பரவாயில்ல, வாங்க."

சொன்ன பிறகுதான், சொன்னது எவ்வளவு வெடுக்கென்று இருக்கிறது என்று அவளுக்கே உறைத்தது. அவன் ஈரச் செருப்பைக் கழற்றி, ஒரு பழைய செய்தித்தாளில் வைத்து ஓரமாக ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தான்.

கூடத்து ஜன்னலோரம் தையல் மெஷினில் இருந்த அப்பா, வாசல் மணி கேட்டதுமே வேலையை நிறுத்திவிட்டுக் கழுத்து இஞ்சு டேப்பைச் சுருட்டி வைத்து எழுந்து நின்றார். அவர் சுபாவம் அப்படி. வீடு தேடி வந்தவர் யாராயிருந்தாலும் எழுந்து நின்று, முகம் கொடுத்து, நாலு வார்த்தை பேச வேண்டும். வந்தவர் போகும் வரை மெஷின் பக்கம் திரும்பவும் மாட்டார்.

"வாங்க தம்பி, நல்லா நனைஞ்சிட்டீங்க போல" என்றார்.

வைஃபை பெட்டி அவள் அறையில் இருந்தது. அதன் நாலு விளக்குகளும் பளிச்சென்று பச்சையாக எரிந்தன. சற்று முன்பு வரை கண் சிமிட்டிக்கொண்டு கிடந்த பெட்டி அது. டாக்டர் வந்ததும் ஓடிப்போகும் வயிற்றுவலி மாதிரி, அவனைப் பார்த்ததும் ஒழுங்காகிவிட்டது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தப் பெட்டியை நம்பித்தான் அவள் வேலை. ஒரு கல்லூரியில் பேராசிரியர் பாடம் நடத்துவார். அவர் குரல் அவள் காதில் விழும்; விழ விழ அவள் விரல்கள் தட்டச்சு செய்யும். அந்த வகுப்பில் காது கேளாத ஒரு மாணவி இருந்தாள். அவள் முன்னால் இருக்கும் திரையில் அந்த எழுத்துகள் ஓடும். நெட் நின்றால் எழுத்து நிற்கும். எழுத்து நின்றால் அந்தப் பெண்ணுக்கு வகுப்பே ஊமையாகிவிடும்.

"பெட்டியைப் பிடுங்கி, முப்பது எண்ணிட்டு மாட்டிப் பார்த்தீங்களா?"

"எண்ணினேன். நூறு வரைக்கும் எண்ணினேன். ஒருநாள் கோபத்துல எரநூறு."

"முப்பது போதும் மேடம்."

"பெட்டிக்குப் போதும். எனக்குப் பத்தல."

கைக்குட்டைக்கு மேலே அந்தக் கண்கள் லேசாகச் சுருங்கின. சிரிக்கிறானா...? கைக்குட்டையை அவிழ்த்த பிறகு தெரிந்தது, சிரிக்கத்தான் செய்தான். கன்னத்தில் குழி விழுந்தது. இந்த நேரத்தில் குழி ஒரு கேடா என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

அவன் வைஃபையை விட்டுவிட்டு மடிக்கணினியைக் கேபிளில் நேராகப் பெட்டியோடு இணைத்துப் பார்த்தான். மீட்டரை மாட்டினான், எண்களைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். ஆபீசில் அவனுக்கு 'மீட்டர்' என்றே பேராம். மீட்டரைப் பார்க்காமல் மழை பெய்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டானாம். போகும்போது கைக்கணினியில் அவன் எழுதிய அறிக்கை, அவன் தெருமுனை திரும்புவதற்குள் அவள் போனுக்கு வந்தது. 'குறை எதுவும் காணப்படவில்லை.'

அதற்கப்புறம் பத்து நிமிஷத்தில் நெட் போய்விட்டது.

இன்னைக்கு மட்டும் என்று வந்தவன் மூன்றாம் நாளே மறுபடி வந்தான். ஒரு புகாரை யார் முதலில் எடுக்கிறாரோ அவர்தான் முடிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆபீஸ் விதி. மணி அடித்தது, அப்பா எழுந்து நின்றார், விளக்குகள் பச்சையாயின. அவன் வைஃபை சேனலை மாற்றினான். இரும்பு பீரோவை ஒட்டியிருந்த பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தான். அன்றும் அதே அறிக்கைதான். மூன்றாவது தடவை பெட்டியையே மாற்றிப் புதுசு வைத்தான். புதுசும் அவன் எதிரில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது.

"நீங்க இங்கயே இருந்துட்டா எனக்குப் பிரச்சனையே இல்ல" என்றாள் அவள் சலிப்போடு.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் மீட்டரை உற்றுப் பார்த்தான்... மீட்டரை அணைத்து வைத்திருந்தான் என்பதை இருவருமே கவனித்தார்கள். அவன் காது மடல் சிவந்தது. அவளுக்கும் வியர்த்தது. கூடத்தில் அப்பா, "மழை விட்டுடுச்சா பாப்பா?" என்று கேட்டு இருவரையும் காப்பாற்றினார்.

ஆனால் அன்று மாலை வந்த அறிக்கையில் ஒரு வரி கூடியிருந்தது. 'குறை எதுவும் காணப்படவில்லை. பயன்படுத்துபவருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது.'

அவளுக்குச் சுருக்கென்றது. விளக்கமா? எனக்கா? அப்படியென்றால் நான் பொய் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று அர்த்தமா? அந்தக் கண்களை நம்பினேனே...

புதன்கிழமை வகுப்பில், பாதிப் பாடத்தில் நெட் நின்றது. ஏழு நிமிஷம் கழித்து வந்தபோது மாணவியிடமிருந்து ஒரு செய்தி காத்திருந்தது. 'அக்கா, சார் என்ன சொன்னார்? எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்கு மட்டும் தெரியல.'

அதைப் படித்துவிட்டு அவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அடுத்து, அவளுக்கு வேலை கொடுத்த நிறுவனத்தின் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை தேர்வுக்கு முந்திய கடைசி வகுப்பு. அதிலும் நின்றால் அந்த மாணவியை வேறு ஒருவரிடம் ஒப்படைத்து விடுவார்கள், இவளுக்கு இனி வேலை இல்லை. அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

வியாழன் காலை, நெட் கம்பெனிக்கு அவள் ஒரு புகார் எழுதினாள். லைனைப் பற்றி முந்தின நாளே சொல்லியாயிற்று; இது ஆளைப் பற்றி. 'மூன்று முறை வந்தவருக்கு வேலையில் அக்கறை இல்லை. வருகிறார், பார்க்கிறார், போகிறார்.' அனுப்பிய கையோடு மனசு அடித்துக்கொண்டது. அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டாள்.

அன்று பதினொரு மணிக்கு, கொட்டுகிற மழையில், அவனே நாலாவது தடவையாக வந்து நின்றான்.

"வேற ஆள் கிடைக்கலையா உங்க ஆபீஸ்ல?"

"நானே வரேன்னேன்."

"எதுக்கு? விளக்கம் குடுக்கவா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அந்த வரி நான் எழுதல மேடம். மூணு தடவை குறை இல்லன்னு போட்டா அது தானா விழும். நானே அப்புறம்தான் பார்த்தேன். சங்கடமா இருந்துது."

அவள் நம்பவில்லை. நம்பிவிட்டால் காலையில் எழுதியதை என்ன செய்வது? வழிவிட்டாள். அப்பா வழக்கம்போல் எழுந்து நின்றார், பெட்டி வழக்கம்போல் பச்சையாக எரிந்தது. முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு அவன் தோள் தொங்க வெளியே போனான். வெளிச்சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியில் கடைசியாக மீட்டரை மாட்டி ஒருமுறை பார்ப்பதற்காக, ஜன்னல் மேல் இருந்த தகரச் சாய்ப்புக்கடியில் ஒதுங்கினான். தகரத்தில் கொட்டிய மழைச் சத்தத்தில் அவனுக்கு வேறெதுவும் கேட்கவில்லை. அவன் போய்விட்டதாகத்தான் உள்ளே இருந்த இருவரும் நினைத்தார்கள்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு ஒன்று சிமிட்டியது... இரண்டு... நெட் போயிற்று. அவள் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நாளைக்கு இந்த நேரம் எல்லாம் முடிந்திருக்கும்.

வாசல் மணி விடாமல் அடித்தது. எழுந்து போய்த் திறந்தாள். தொப்பலாக நனைந்து, கையில் மீட்டரோடு அவன்.

"இப்ப போச்சா?"

"போச்சு."

அறைக்கு ஓடினார்கள். நாலும் பச்சை. அவன் மறுபடி வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் நெட் போனது. மணி அடித்தான், வந்தது. இன்னொரு தடவை போனான், வந்தான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று மழையைப் பற்றிய கவலையே இல்லாமல் நடந்தான். அவளுக்கு அத்தனை துக்கத்திலும் சிரிப்பு வந்தது.

மூன்றாவது தடவை அவன் அறைக்குப் போகவில்லை. கூடத்தில் நின்று, எழுந்து நின்றிருந்த அப்பாவையே பார்த்தான்.

"ஐயா, நான் வெளிய இருந்தப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"நானா தம்பி? சட்டைக்குக் காலர் வச்சுக்கிட்டிருந்தேன்."

"இப்பவும் வைங்க."

"நீங்க நிக்கும்போதா? நல்லாவா இருக்கும்?"

"ஐயா... கொஞ்சம் எனக்காக."

அப்பா மகளைப் பார்த்தார். ஏதோ செய்யக்கூடாததைச் செய்கிறவர் போல் கூச்சத்தோடு உட்கார்ந்து, ஸ்விட்சைப் போட்டு, மெஷினை ஓட்டினார். அவன் கையிலிருந்த மீட்டரில் எண்கள் சடசடவென்று சரிந்தன. "சிமிட்டுது" என்று அறையிலிருந்து அவள் கத்தினாள். அப்பா பயந்து நிறுத்தினார். "நின்னுடுச்சு" என்றாள் அவள். "ஓட்டுங்க" என்றான் அவன். சிமிட்டியது.

"இந்த மோட்டார் எப்ப போட்டீங்க?"

"ரெண்டு மாசமிருக்கும். முட்டி வலிக்குது, மிதிக்க முடியல. டேபிளை அந்தச் சுவரோட ஒட்டிப் போட்டுட்டு..." அப்பாவின் குரல் தேய்ந்தது.

நெட் படுத்த ஆரம்பித்ததும் இரண்டு மாதமாகத்தான். காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவளுக்கு மெஷின் எப்போது ஓடியது, எப்போது நின்றது என்று எப்படித் தெரியும்? ஒருவர் வந்தால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் நெட் வரும். வந்தவன் கண்ணில் குறை எப்படிப் படும்? அப்பாவின் மரியாதை அவள் வேலையையே காவு வாங்கப் பார்த்திருக்கிறது.

அவனும் அவளும் சேர்ந்து தையல் மேஜையை நகர்த்தினார்கள். அதன் இரும்புக் கால், சுவரோரம் ஓடிய கேபிளை நசுக்கியிருந்தது. அவன் தரையில் மண்டியிட்டான். அவள் டார்ச்சைப் பிடித்தாள்.

"மேல் தோல் கிழிஞ்சு உள்ள இரைச்சலைத் தடுக்கிற கம்பி வலையும் பிஞ்சிருக்கு. மோட்டார் போடற இரைச்சலெல்லாம் இது வழியா உள்ள பூந்துடுது. பெட்டி சொல்றது எங்க ஆபீசுக்குக் கேக்கவே இல்ல. சந்தைக்கடை நடுவுல நின்னுக்கிட்டு காதுல பேசினா கேக்குமா... அப்படித்தான்."

"அப்ப எங்க மேல தப்பில்லயா?"

"யார் மேலயும் இல்ல. மேஜைக் கால் மேல வேணா போடலாம்."

புதுக் கேபிள் இழுத்தான். முனையைச் சீவி, கனெக்டரைப் பொருத்தி இறுக்கினான். டார்ச் வெளிச்சத்தில் அவன் விரல்கள் அவசரமில்லாமல் வேலை செய்தன. இடது மணிக்கட்டில் ஒரு மச்சம். நிமிர்ந்து, "சரியாயிடும், பயப்படாதீங்க" என்றான். இந்தத் தடவை மீட்டரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். அந்தக் கண்களில் அப்படி ஒரு அக்கறை. எத்தனை நாளாக இந்தக் கண்களுக்காகவும் சேர்த்து வாசல் மணியை எதிர்பார்த்திருக்கிறேன் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தான், முகம் மாறியது. போனைப் பையில் போட்டுக்கொண்டு மிச்ச வேலையை முடித்தான். அப்பாவை அரை மணி நேரம் தைக்கச் சொன்னான். ஒரு விளக்கும் சிமிட்டவில்லை.

கையெழுத்துக்காகக் கைக்கணினியை நீட்டியபோது அவள் பார்த்தாள். மேலே ஒரு பட்டையில் அவள் காலையில் எழுதிய வாசகம். 'வேலையில் அக்கறை இல்லை.'

"நான்... காலையில..."

"கையெழுத்து போடுங்க மேடம். அடுத்த வீட்டுக்குப் போகணும்."

செய்தித்தாளிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு படியிறங்கினான். கூப்பிடு, கூப்பிடு என்றது மனசு. எதுக்குக் கூப்பிடணும், மூணு தடவை ஒண்ணுமில்லன்னு எழுதினவர்தானே என்றது ரோஷம். ரோஷம் ஜெயித்தது. அவன் குடை இல்லாமல் தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்றவளும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை வகுப்பு ஒன்றரை மணி நேரம். முதல் கால் மணி நேரம் அவள் கண் பெட்டியைவிட்டு நகரவில்லை. "நான் தைக்கல பாப்பா" என்று அப்பா எட்டிப் பார்த்தார். "தைங்கப்பா, ஒண்ணும் ஆகாது" என்றாள், ஆகாது என்று அவளுக்கே நிச்சயமில்லாமல். மெஷின் ஓடியது. எழுத்தும் ஓடியது. ஒரு சொல் நிற்கவில்லை, ஒரு சொல் சிதறவில்லை. பேராசிரியர் ஒரு நகைச்சுவை சொன்னார், அவள் அதைத் தட்டினாள், வகுப்பு சிரித்தது. அடுத்த விநாடி மாணவியிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, நானும் சிரிச்சேன்.'

வகுப்பு முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோது இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கனம் இறங்கிப் போயிருந்தது. அழுதாள், சிரித்தாள், முகம் கழுவினாள். வேலை தங்கிவிட்டது. காப்பாற்றிக் கொடுத்தவனை மட்டும் தன் கையாலேயே துரத்திவிட்டாள். இனி ரோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உட்கார்ந்து நெட் கம்பெனிக்கு எழுதத் தொடங்கினாள்.

எழுதிய புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி போதும். ஆனால் விரல்கள் நிற்கவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைத் தட்டுகிறவை, சொந்தப் பேச்சு கிடைத்ததும் ஓடின. முழுதாகப் படித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை மாலை மணி அடித்தது. சீருடை இல்லை, பை இல்லை, மீட்டர் இல்லை. வெளிர்நீலச் சட்டை, படிய வாரிய தலை, கையில் மடித்த ஒரு தாள்... அவன். எழுந்து நின்ற அப்பா யாரென்று பார்த்தார். "அட, நம்ம தம்பி" என்று மறுபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தையலைத் தொடர்ந்தார்.

"நெட்டு நல்லாத்தான் வருது" என்றாள் அவள், வாயில் வேறு எதுவும் வராமல்.

"தெரியும். ஆபீஸ்லேர்ந்தே பார்த்தேன். நேத்தும் பார்த்தேன், பதினொரு மணியிலேர்ந்து பன்னண்டரை வரைக்கும். ஒரு தடவைகூட விழல."

அவள் வகுப்பு நேரம் அது. ஒன்றரை மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தானா...

அவன் தாளைப் பிரித்தான். "உங்க கடிதம். காலையில மீட்டிங்ல சூப்பர்வைசர் சத்தமா படிச்சாரு. பதினோரு பேர் முன்னாடி."

"ஐயோ."

"'ஈரச் செருப்பைச் செய்தித்தாளில் வைத்தார்.' சரி. 'இடது மணிக்கட்டில் மச்சம் உள்ளவர் என்பதால் ஆளை உறுதி செய்துகொள்ளலாம்.' இதுக்கே ரெண்டு பேர் இருமினாங்க. 'நான்காவது வருகையில் மீட்டரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து இரண்டு முறை பேசினார்.' சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழட்டிட்டு, தம்பி, எத்தனை தடவைன்னு எண்ணியிருக்காங்கப்பான்னாரு."

அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தரை பிளந்தால் தேவலை. விரல் இடுக்கில் பார்த்தாள். கன்னத்தில் அந்தக் குழி.

"ஆனா இதுல ஒரு தப்பு இருக்கு. அதைத் திருத்தத்தான் வந்தேன்."

"என்ன தப்பு?"

"'கடமை உணர்ச்சியோடு நான்காவது முறையும் வந்தார்'னு எழுதியிருக்கீங்க. கடமையில்ல." அவன் தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "மூணு தடவையும் சரியாகலன்னதும், விதியை விட்டுட்டு வேற ஆளை அனுப்பறேன்னாங்க. நான்தான் போவேன்னு அடம் பிடிச்சேன். வர்ற வழியெல்லாம் பயம்... எங்க சரியாகாமப் போயிடுமோன்னு இல்ல, எங்க சரியாயிடுமோன்னு. சரியாயிட்டா அப்புறம் எந்தச் சாக்குல இந்தப் படி ஏறுவேன்? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. முதல் நாள் எரநூறு எண்ணினேன்னு சொன்னீங்களே, அப்பவே."

அவள் கைகளை எடுத்தாள். இப்போது ஒளிய எதுவும் இல்லை, ஒளியத் தேவையும் இல்லை. அவன் கண்களை நேராகப் பார்க்க முடிந்தது.

"எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்துது தெரியுமா?" என்றாள் மெதுவாக. "ஒண்ணுமில்லன்னு நீங்க எழுதிட்டுப் போனது பொறுக்கல. வேற யார் எழுதியிருந்தாலும் இப்படி வலிச்சிருக்காது. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்ப."

அவன் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். கதவு நிலையில் சாய்ந்துகொண்டான். அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

"நாளைக்கும் வாங்க" என்றாள்.

"லைன்ல ஒண்ணும் கோளாறு இல்லையே. வந்ததுக்குக் காரணம் கேட்டா என்ன எழுதறது?"

"பார்க்கணும் போல இருந்துதுன்னு எழுதுங்க."